லூர்துமேரி டீச்சர் எதில் பெயிலானாள்?

திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி, லூர்துமேரி டீச்சர் யார் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆளைக் காட்டுவதற்கு முன்னால் கதையைச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலப் பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு, வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையுமாக, பிளாட்பாரத்துக் கோடியில் இருக்கிற பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரன், கட்டிக்கொள்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். "நீ முன்னால் போ, நான் அடுத்த கப்பலில் வருகிறேன்" என்றானாம். அந்த அடுத்த கப்பலுக்காகத்தான் டீச்சரம்மா இத்தனை வருஷமாக ரயிலடியில் காத்திருக்கிறாளாம்.

வெள்ளைக்காரனுக்கு என்ன உத்தியோகம் என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. வெற்றிலைக் கடையில் அவன் டாக்டர். சலூனில் அவனுக்குச் சொந்தமாக இரண்டு ரயில் எஞ்சின். மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், அவன் எண்ணெய் மில் முதலாளி. ஒலக்கூர்ப் பக்கம் போனால் அவனை உலகச் சண்டையில் கொன்றே விட்டார்கள். விழுப்புரத்தில் அவன் ஒருநாள் நிஜமாகவே வந்து, ஜங்ஷனில் வண்டி மாறத் தெரியாமல் பாண்டிச்சேரி வண்டியில் ஏறி, அங்கே ஒரு பிரெஞ்சுக்காரியைக் கட்டிக்கொண்டு குடியும் குடித்தனமுமாக இருக்கிறான்.

ருசியான கதைதான். கெடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் நடந்தது வேறு. அந்த நிஜக் கதையிலும் அமெரிக்கா உண்டு, கப்பல் உண்டு, கல்யாணப் பேச்சு உண்டு. வெள்ளைக்காரன் மட்டும் கிடையாது.

லூர்துமேரியின் அப்பா ராயப்பன், ஒலக்கூருக்குப் பக்கத்தில் பச்சைமுத்து என்கிற குடியானவரின் நிலத்தில் கூலி ஆள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். திண்டிவனத்தில் அமெரிக்க சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, அங்கேயே சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிஸ்டர்மாருக்கு அவர்கள் ஊரான ஒஹாயோவில் ஒரு பெண்கள் காலேஜ் இருந்தது. வருஷத்துக்கு ஒரு இந்தியப் பெண்ணுக்கு இலவசமாக இடம் தருகிறோம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. முதல் இடத்துக்கு லூர்துமேரியின் பெயரைக் கொடுத்தார்கள். அது 1931.

ராயப்பன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்தார்.

"அமெரிக்கா எந்தப் பக்கம்மா?"

அவள் பட்டணம் போகிற தண்டவாளத்தைக் காட்டினாள்.

"அப்ப இந்தப் பாதையிலியே நடந்தாக்கூட வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு வருஷம் கழித்துப் பி.ஏ. பட்டத்தோடு திரும்பி வந்தாள். சேரியே கூடிவிட்டது. அங்கே கேப்பை கிடைக்குமா, வெள்ளைக்காரிகள் தலைக்கு எண்ணெய் வைப்பார்களா, அந்த ஊருக்கு ராஜா உண்டா என்று கேட்டார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலையும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். பச்சைமுத்துவுக்கு வேறு சந்தேகம்.

"ஏண்டா ராயப்பா, ஒம் பொண்ணு அமெரிக்காவுல யாரு வூட்டுல வேல செஞ்சிக்கினு இருந்துச்சு?"

"வேல செய்யலிங்க. படிச்சிக்கினு இருந்துச்சுங்க."

"படிப்பு சரிடா. சோத்துக்கு யாரு வூட்டுல வேல செஞ்சுது?"

ராயப்பன் கொஞ்சம் யோசித்தார். "சிஸ்டருங்க வூட்டுலங்க" என்றார். அதற்கப்புறம்தான் பச்சைமுத்துவுக்கு மூச்சு சீராக வந்தது.

பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளை எடுக்க வேண்டுமென்றால் அவளுடைய பட்டத்தைச் சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வி ஆபீசுக்குப் போனாள். அங்கே வெங்கடாசலம் என்று ஒரு தலைமை குமாஸ்தா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒஹாயோ. இது லண்டனுக்கு எந்தப் பக்கம்மா?"

"லண்டன் இல்லிங்க சார். அமெரிக்கா."

"அடடா. அமெரிக்கா நம்ம ராஜா கைய வுட்டுப் போயி எத்தினி காலம் ஆவுது! அவன் குடுக்கிற பட்டத்த நாங்க எப்பிடி எடுத்துக்கறது?"

"நாலு வருஷம் படிச்சிருக்கேன் சார்."

"படிச்சீங்க, யாரு இல்லேன்னா? ரூல்ஸ்ல இல்லியே. லண்டன்ல பெயிலாயிட்டு வந்திருந்தாக்கூட ஏதாவது ஒரு வழி பண்ணியிருப்பேன்" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

அந்தக் காலத்தில் படிப்புக்கும் சாதி இருந்தது. லண்டன் பட்டம் உயர்ந்த சாதி. மெட்ராஸ் பட்டம் அதற்குக் கீழே, ஆனாலும் ஊருக்குள்ளே குடியிருக்கலாம். அமெரிக்கப் பட்டம் ஊருக்கு வெளியே. ஆகவே சர்க்கார் கணக்கில் லூர்துமேரி, கப்பலே ஏறாத வெறும் எஸ்.எஸ்.எல்.சி. போவதற்கு முன்னால் எடுத்த அதே சின்ன வகுப்பில், அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒஹாயோ காலேஜ் அடுத்த வருஷத்துக்கும் இடம் தருகிறேன் என்றது. சிஸ்டர்மார் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். "லூர்துமேரி மாதிரி ஆவறதுக்கா?" என்று பெற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

வேலை போகட்டும், கல்யாணம் என்று ஒன்று இருக்கிறதே. பங்குச் சாமியார் இரண்டு மூன்று இடம் பார்த்தார். எட்டாவது படித்த மாப்பிள்ளை வீட்டில், "அமெரிக்கா போனவ நம்ம வூட்டுல வந்து வறட்டி தட்டுவாளா?" என்றார்கள். பி.ஏ. படித்த மாப்பிள்ளை வீட்டில், "சர்க்காரே ஒத்துக்கல, அது இன்னா படிப்பு?" என்றார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் அந்தப் பட்டம் செல்லுபடியானது.

"நாயினா, என்னப் பத்திக் கவலப்படாத. நான் ஒண்டியா இருந்துக்கினே காலத்த ஓட்டிடுவேன்" என்பாள் லூர்துமேரி.

"ஒண்டியா இருக்கிறது இன்னான்னு ஒனக்குத் தெரியாதும்மா. ஒங்கம்மா போனப்புறம் எனக்குத் தெரியும்" என்பார் ராயப்பன்.

அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் ஒரு தமிழ் வார்த்தை காதில் விழாமல் இருந்தவள். ஆனால் அங்கே தனியாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே, நாலு பக்கமும் தமிழ் பேசிக்கொண்டிருக்கும்போது தனியாக இருப்பதற்குத்தான் காரணம் தெரியவில்லை. வகுப்பு முடிந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை வரைக்கும் வாய்க்கு வேலையில்லை. சாப்பிடுவதைத் தவிர. அதற்கும் சில நாள் மனசு வராது.

இப்படி இருக்கிறபோதுதான் அந்தோணிசாமி வந்தான். விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. லூர்துமேரி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய புத்தகப் பெட்டி, ஊர் ஊராகச் சுற்றி விழுப்புரத்தில் வந்து கிடந்தது. ஆளை விட்டு அனுப்பாமல் தானே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணெய் வைத்து வாரின தலை, கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு, சிரித்தால் நல்ல முகம்.

"எல்லாத்தையும் படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேங்க."

"நானும் பி.ஏ.தாங்க" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "பெயில்" என்றான்.

இதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அப்போதெல்லாம் பி.ஏ. வரைக்கும் போய்த் தோற்றவர்கள் அதை மறைக்கமாட்டார்கள். பலகையில் எழுதி வாசலில் மாட்டுவார்கள். 'பி.ஏ.' என்று தூரத்திலிருந்து தெரிகிற எழுத்து. பக்கத்தில், கிட்டே வந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில் 'பெயில்'. பட்டத்தின் வாசல் வரைக்கும் போய்க் கதவைத் தட்டினவன் என்று அர்த்தம். பெண் கொடுப்பவர்கள் அதைப் பார்த்தே பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்தோணிசாமி மூன்று தடவை தட்டினவன். விழுப்புரத்தில் அவன் வாசல் பலகைக்கு மாதா கோயில் கொடிமரத்துக்கு அடுத்த மரியாதை.

ரயில்வேக்காரன் என்பதால் ஓசியில் வந்து போக வழி இருந்தது. பாஸ் என்று அவன் கையில் இருந்தது அது ஒன்றுதான். வேலை முடிந்த சாயங்காலங்களில் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவான். கல்யாணமாகாத ஒரு ஆணும் பெண்ணும் வீட்டுக்குள் பேசினால்தான் தப்பு. ஊரே பார்க்கிற பிளாட்பாரத்தில், பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தர் அந்தக் கோடியில் ஒருத்தர் உட்கார்ந்து பேசினால் யாரும் வாய் திறக்க முடியாது. பேசினது பெரும்பாலும் அவன்தான். முதல் தடவை சரித்திரத்தில் எப்படி மோசம் போனான், இரண்டாம் தடவை காய்ச்சல், மூன்றாம் தடவை எதிரி ஒருத்தன் செய்வினை வைத்தது. லூர்துமேரி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஆண் குரல் தனக்கென்று இவ்வளவு நேரம் பேசுவதே அவளுக்கு அப்போது போதுமாக இருந்தது.

ஒருநாள் அவன் சொன்னான்: "மேரி, அம்மாவக் கூட்டிக்கினு வர்றேன்."

சவரியம்மாள் வந்தாள். விழுப்புரத்திலிருந்து முழங்கை வரை வளையலோடு வந்து, ராயப்பன் போட்ட பாயில் உட்கார்ந்து, பெண்ணை மேலிருந்து கீழே பார்த்தாள். நிறம் பரவாயில்லை, கை வேலை செய்த கைதான். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"எம் மவன் பி.ஏ. வரைக்கும் போயி பெயிலானவன். ஒம் பொண்ணு எதுல பெயிலானா?"

"எதுலியும் பெயிலாவலியேம்மா" என்றார் ராயப்பன் பெருமையாக.

"அதத்தான் நானும் கேக்கறேன். சர்க்காரு கணக்குல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. அப்ப இன்னாத்தத்தான் பண்ணா நாலு வருஷம்?"

சவரியம்மாள் காபியைக் குடித்துவிட்டு, படிப்புக்குப் படிப்பு சமமாக இருந்தால்தான் நாளைக்கு நாலு பேர் மதிப்பார்கள் என்று சொல்லி, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த சாயங்காலமே அந்தோணிசாமி ஓடிவந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

"ஒரு ஐடியா மேரி. நீ இங்க பி.ஏ. எழுது."

"மறுபடியுமா?"

"பாஸ் பண்ணத் தேவையில்ல. சும்மா போயி எழுதிப் பெயிலாயிடு. பி.ஏ. பெயில். எனக்கும் அதான், ஒனக்கும் அதான். அம்மா வாய அடச்சிடலாம். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பலகையா மாட்டிடலாம்!"

"பெயிலாவறதுக்கு இன்னா படிக்கணும்?"

"படிக்கவே கூடாது. அதான் இதுல சௌகரியம்" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். அமெரிக்காவிலிருந்து வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரே பலகை என்று அவன் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாசல், ஒரு பலகை, சாயங்காலம் ஆனால் வண்டி பிடித்துத் திரும்பிப் போகாத ஒரு ஆள்.

சரி என்று சத்தியம் பண்ணினாள். மெட்ராஸ் சர்வகலாசாலைக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் யோசித்தார்கள், யோசித்தார்கள், அமெரிக்காவில் படித்ததைப் பட்டமாக ஒப்புக்கொள்ள முடியாது, பரீட்சைக்கு உட்கார மட்டும் விடலாம் என்று சொல்வதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ராயப்பன் வயிற்றுவலி கண்டு இறந்துபோனார். கல்லறையிலிருந்து வந்த அன்றைக்கு, அவருடைய கம்பளியை மடித்து வைக்க இடம் தெரியாமல், லூர்துமேரி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிமேல் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே பலகைதான்.

1939 கோடையில் பரீட்சை. அந்தோணிசாமி ரயிலேற்றிவிட வந்தான்.

"மத்த பேப்பரெல்லாம் சுமாரா எழுதிடு. கடைசி இங்கிலீஷ் கட்டுரை பேப்பர வுட்டுடு. அமெரிக்கா போனவ இங்கிலீஷ்ல பெயிலுன்னா ஊருக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்."

அப்படியே செய்தாள். மற்ற தாள்களை எழுதினாள். கடைசித் தாள் அன்றைக்கு நம்பரைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தவள் கேள்வித்தாளைப் படிக்காமலாவது இருந்திருக்கலாம். படித்துவிட்டாள். 'கடல் பயணம் ஒன்றை விவரிக்கவும்' என்று இருந்தது.

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்த நாளிலிருந்து இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நாயினாவுக்குக் கேட்கத் தெரியாது. சிஸ்டர்மாருக்குக் கப்பல் என்பது பஸ் மாதிரி. அந்தோணிசாமி, அத்தனை சாயங்காலங்களில், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது, முகம் தெரியாத யாரோ ஒரு புரொபசர் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, "எப்படிம்மா போனே, சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு பாரா மட்டும் எழுதலாம் என்று பேனாவைத் திறந்தாள். ஒரு பாராவில் யாரும் பாஸாகிவிட மாட்டார்கள்.

பம்பாயில் கரை மறைந்ததை எழுதினாள். தமிழ் மறந்துபோய்விடுமோ என்று பயந்து, மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்துத் தமிழில் பேசினதை எழுதினாள். பாஷை தெரியாத ஒரு வேற்று நாட்டுப் பெண், ஒரு வார்த்தையும் பேசாமல் ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை இவள் மடியில் வைத்துவிட்டு, மீதிப் பாதியைத் தின்றதை எழுதினாள். ஒரு காலையில் கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. கப்பல் நின்று நின்று ஊதியது. கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து இன்னொரு கப்பல் பதிலுக்கு ஊதியது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமலே தாண்டிப் போயின. தட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சத்தம் அடங்கும்வரை பேசாமல் நின்றார்கள். அதை எழுதும்போது தாளில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள்.

மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போன பிறகுதான், பெயிலாக வந்தவள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பாஸாகிவிட்டாள். பேப்பரில் நம்பர் வந்தது. சாமியார் பூசையில் அறிவித்தார். சிஸ்டர்மார் கேக் செய்தார்கள். லூர்துமேரி அன்று சாயங்காலம் பிளாட்பாரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பாசஞ்சர் வந்தது. அந்தோணிசாமி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

சவரியம்மாள் தடுத்துவிட்டாள் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு விழுப்புரத்துக்கு வண்டி ஏறினாள். வாசலில் பலகை அப்படியே இருந்தது. சவரியம்மாள் அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வா பொண்ணே. பாஸாயிட்டியாமே?"

"ஆமாங்க அத்த. நீங்க கோவமா இருக்கீங்கன்னு..."

"எனக்கு இன்னாத்துக்குக் கோவம்? பாஸானா நல்லதுதானே, சம்பளம் கூட வரும். நம்பரு வந்த அன்னிக்கே நான் சரின்னுட்டேன். அவன்தான் வேணாங்கறான்." துடுப்பை நிறுத்தாமல் உள்பக்கம் தலையைக் காட்டினாள். "உள்ளதான் இருக்கான். சோறுகூட ஒழுங்கா துன்றதில்ல. இன்னா பேஜாருன்னு நீயே கேளு."

அந்தோணிசாமி வெளியே வந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ சத்தியம் பண்ணின மேரி."

"பண்ணேங்க."

"அப்பறம் ஏன் எழுதின?"

"கேட்டாங்க. அதான் எழுதிட்டேன்."

"இன்னா கேட்டாங்க?"

"கப்பல்ல போனதப் பத்தி."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் அங்கேயே, அந்த அடுப்படியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். நான் எழுதினது தப்பு என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

"அதுக்கு?" என்றான் அந்தோணிசாமி. "அதுக்காகப் பாஸாயிடறதா? நான் மூணு தபா எழுதினவன். நீ ஒரே தபா. ரெண்டு பேரையும் ஒரே பலகையில எப்பிடி எழுதறது? ஊரே வந்து படிச்சிட்டுச் சிரிக்கும்."

"பலகையக் கழட்டிடலாங்க."

பலகையைக் கழற்றுவது என்பது அவனுக்குத் தலையைக் கழற்றுவது மாதிரி. சவரியம்மாள் ஒரு உருண்டை களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். லூர்துமேரி தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வண்டி ஏறினாள்.

அடுத்த தையில் அந்தோணிசாமி கோலியனூரில் ஐந்தாவது படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். நல்ல பெண் என்றே சொல்கிறார்கள்.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. கடலில் கப்பல் போவது நின்றது. லண்டன் போகிறவர்களும் போகவில்லை. மெட்ராஸ் பி.ஏ. கைக்கு வந்ததால் லூர்துமேரிக்குப் பெரிய வகுப்பு கிடைத்தது. ஆனால் வீடு அதே வீடு. சாயங்காலம் ஆனால் அவளுக்கு உள்ளே இருப்புக்கொள்ளாது. குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள். அந்தோணிசாமி வரமாட்டான் என்று தெரியும். வரவேண்டும் என்ற எண்ணமும் கொஞ்ச நாளில் விட்டுப்போயிற்று. போகிற வழக்கம் மட்டும் விடவில்லை.

1946இல் காற்று மாறி அடித்தது. சர்க்காரே இப்போது பிள்ளைகளைப் பொறுக்கி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது. எஞ்சினீயர் வேண்டுமாம், விவசாய நிபுணர் வேண்டுமாம், லண்டன் மட்டும் போதாதாம். தானே அனுப்பிவிட்டு அந்த ஊர்ப் பட்டம் செல்லாது என்று எப்படிச் சொல்வது? செல்லும் என்று ரூல் போட்டார்கள். வெங்கடாசலம் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. ஒஹாயோ! ரொம்பப் பெரிய ஊராமே! அன்னிக்கே நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க சார்" என்றாள் லூர்துமேரி.

இப்போது அவளுக்கு இரண்டு பி.ஏ. பள்ளிக்கூடத்துக்குத் தலைமை டீச்சர் ஆனாள். சர்க்கார் அனுப்புவதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ஒஹாயோ காலேஜில் இத்தனை காலம் காலியாகக் கிடந்த இடத்துக்கு இப்போது அடிதடி. அன்றைக்குக் கதவைச் சாத்தின வீட்டுக்காரர்கள் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இவள் வாசலில் நின்றார்கள். எந்தக் கம்பளி வாங்க வேண்டும், எந்த ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், யாரைப் பார்த்தால் ஜல்தியில் காரியம் ஆகும் என்று கேட்டார்கள். சொன்னாள். கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காபி டம்ளர்களைக் கழுவி வைத்தால் மறுபடியும் வீடு வீடாகத்தான் இருந்தது.

அமெரிக்கப் பட்டம் செல்லும் என்று ஆனதும், ஊரில் அமெரிக்க மாப்பிள்ளையும் செல்லுபடியானான். வெள்ளைக்காரன் கதை கிளம்பியது அப்போதுதான். அத்தனை வருஷமாக அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சண்டை முடிந்து கப்பல் விட்டாயிற்று, ஆள் இதோ வந்துவிடுவான் என்று நாள் குறிக்காத குறை.

பிளாட்பாரத்தில் சின்னபொண்ணு என்று ஒருத்தி வேகவைத்த மல்லாட்டை விற்பாள். பாசஞ்சர் போன பிறகு, கூடையை லூர்துமேரியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவாள். ஊர்க் கதை எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமைத் தபாலாபீஸ். ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை.

"டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த வெள்ளக்காரரு எந்த வண்டியில வர்றாரு? சொன்னீங்கன்னா நானும் அன்னிக்கு நல்ல பொடவையா கட்டிக்கினு வருவேன்ல?"

லூர்துமேரி உரித்த மல்லாட்டையை வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தாள்.

"எந்த வெள்ளக்காரனும் வரல, வரவும் மாட்டான். அமெரிக்காவுல என்னக் கட்டிக்கிறேன்னு ஒருத்தனும் கேக்கல. கேட்டவன் விழுப்புரத்துக்காரன். நான் பெயிலானா கட்டிக்கிறேன்னான், பாஸாயிட்டேன், ஓடிட்டான். நான் யாருக்காவும் இங்க உக்காந்துக்கினு இல்லடி. வூட்டுல பேச ஆளு இல்ல, இங்க நீ இருக்கிற. அவ்ளோதான். போயி அத்தினி பேருகிட்டயும் சொல்லு."